ஏழு சேவ், நாலு தோல்வி

அந்த சீசனில் என் பெயருக்கு எதிரே ஏழு சேவ் இருந்தது. அதில் ஐந்து குப்பை.

பேஸ்போல் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் லீக்கில் ஓர் ஆட்டம் ஏழு இன்னிங்ஸ்; ஒவ்வொன்றிலும் இரண்டு அணியும் தத்தம் மூன்று பேர் வெளியேறும்வரை மட்டை பிடிக்கும். தொடக்கத்திலிருந்து பந்து வீசுகிற பிட்சர் ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸில் களைத்துப்போவாள். வேறொருத்தி வந்து தொடர வேண்டும். வெளியே போனவள் திரும்பி வர முடியாது. கடைசி இன்னிங்ஸுக்கென்றே பொத்திப் பொத்தி வைத்திருக்கப்படுகிறவளுக்குக் குளோசர் என்று பெயர். அணி மூன்று ஓட்டமோ அதற்குக் குறைவாகவோ முன்னால் நிற்கையில் அவள் வந்து கடைசி மூன்று பேரை வெளியேற்றினால், அவள் பெயரில் ஒரு சேவ் எழுதுவார்கள்.

மூன்று ஓட்டம் முன்னால். அடித்தவள் ஓடிப்போய் நிற்கிற மூன்று பேஸ்களிலும் ஒருத்தியும் இல்லை. அடிக்க வருவது அவர்களின் கடைசி மூன்று நோஞ்சான்கள். அதற்கு நான் எதற்கு? ரஞ்சினியே போதும். ரஞ்சினி பல்கலைக்கழக முதல் வருஷம், அணிக்குப் புதிது, அவளுக்குப் போடத் தெரிந்தது ஒரே ஒரு பந்து. அதுவும் மெதுவான பந்து.

என் சேவ் ஏழு, அணியின் தோல்வி நாலு. அந்த நாலு ஆட்டத்திலும் நான் ஒரு பந்துகூட வீசவில்லை. எல்லாம் ஐந்தாவதிலும் ஆறாவதிலும் கைவிட்டுப் போனவை. பேஸ்கள் நிறைய ஆள் நிற்க, அவர்களுடைய மிகப் பெரிய அடிகாரி மட்டையோடு வர, எங்கள் பிட்சர் அழாத குறையாக நின்ற நேரங்களில் நான் வேலியோரம் கையைச் சூடாக்கிக்கொண்டு ஏழாவதுக்காகக் காத்திருந்தேன். ஏழாவது வந்தபோது காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை.

என்னை அப்படிக் காக்க வைத்தவர் விக்னராஜா அங்கிள். எங்கள் பயிற்சியாளரும் அவர்தான், கழகத்தின் தலைவரும் அவர்தான். இளவயதில் யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடியவர். பேஸ்போலையும் கிரிக்கெட்டின் தம்பி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். என்னை 'கடைசி ஓவர்காரி' என்றுதான் கூப்பிடுவார். பாராட்டு என்று நினைப்பு.

எங்கள் கழகம் தொழிற்சாலைகள் சூழ்ந்த டண்டினொங் புறநகரில் இருக்கிறது. தமிழ்ப் பெண்களுக்குக் கிரிக்கெட் மைதானம் வேண்டுமென்று கவுன்சிலில் கேட்டார்கள். கிரிக்கெட்டுக்கு இடமில்லை, பேஸ்போல் மைதானம் ஒன்று புல் மண்டிக் கிடக்கிறது, எடுக்கிறீர்களா என்று பதில் வந்தது. எடுத்தார்கள். அணிக்குப் பெயர் வைக்க இரண்டு மாதம் போயிற்று. எந்த விலங்கின் பெயரைச் சொன்னாலும் கூட்டத்தில் யாராவது ஒருவர் இருமினார். கடைசியில் பறவைக்குத் தாவி 'பருந்துகள்' ஆனோம்.

மைதானம் மூன்று வருஷத்துக்குத்தான் கிடைத்தது. மூன்றாவது வருஷம் முடிகிறது. இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டத்தை வென்று முதலாம் பிரிவுக்கு ஏறினால் இன்னும் ஐந்து வருஷம். தோற்றால் மைதானம் ஒரு கால்பந்துக் கழகத்துக்கு, அணி அன்றோடு சரி. எனக்கு அந்த அணி வேண்டும். இந்த நாட்டில் விசா என்ன, எப்போது முடிகிறது என்று யாரும் கேட்காமல் எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்தப் பிட்சர் மேடு.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது உட்கார்ந்து எழுதினேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். புள்ளியியலில் பட்டம். இரண்டு சீசன்களின் ஸ்கோர்த் தாள்களை எடுத்து, எந்த இடத்தில் ஆட்டம் புரண்டது என்று பந்து பந்தாகப் பார்த்து, இரண்டே பக்கத்தில் சொன்னேன்: நல்ல பிட்சரைக் கடைசிக்கு வைக்காதே, கஷ்டத்துக்கு வை.

இதற்குப் பட்டம்கூடத் தேவையில்லை. படிக்கிற காலத்தில் மூன்று வருஷம் சலாட் பொதி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அம்மா இன்னமும் அங்கேதான். பெல்ட்டில் இலை எங்கே தேங்குகிறதோ அங்கே கைவேகமானவளை ஓடச் சொல்வார்கள். பெட்டிக்கு டேப் ஒட்டுகிற கடைசி இடத்தில் நேற்றுச் சேர்ந்தவளை நிறுத்துவார்கள். அந்த சூப்பர்வைசருக்குத் தெரிந்தது விக்னராஜா அங்கிளுக்குத் தெரியவில்லை. அவர் ஒருநாளும் பெல்ட்டில் நின்றதில்லை.

அந்த இரண்டு பக்கத்தையும் கொண்டு கிளென் வேவர்லியில் இருக்கிற அங்கிள் வீட்டுக்குப் போனேன். நல்ல பள்ளிக்கூடம் ஒன்றின் சேர்க்கை எல்லைக்குள் வரவேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் பிறக்கும் முன் வாங்கிய வீடு. பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்டார்கள். வீடு மட்டும் இன்னும் அந்த எல்லைக்குள் இருக்கிறது.

"வாரும் வதனி, இரும்," என்று கதிரையைக் காட்டினார். "யோகராணி, பிள்ளைக்குத் தேத்தண்ணி."

கண்ணாடியைப் போட்டு இரண்டு பக்கத்தையும் வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"இதில என்ன சொல்லுறீர், சுருக்கமா?"

"என்னை ஏழாவதுக்கெண்டு வைச்சிருக்காதேங்கோ அங்கிள். ஆட்டம் எப்ப கையை விட்டுப் போகப் பாக்குதோ, அப்ப இறக்குங்கோ. அது நாலாவதா இருந்தாலும் சரி, ஆறாவதா இருந்தாலும் சரி."

"அப்ப ஏழாவது?"

"ஆரும் போடலாம். ஒரு ஓட்டம் முன்னால நிண்டு, பேஸ் வெறுமையா இருந்தா, எங்களில ஆர் போட்டாலும் அஞ்சு தரத்தில நாலு தரம் வெல்லுவம். ரெண்டாம் பக்கத்தில எழுதியிருக்கிறன்."

அவர் சிரித்தார். "படிச்சது நல்லம். ஆனா கடைசி ஓவர் எண்டுறது வேற விஷயம் பிள்ளை. அதுக்கு நெஞ்சு வேணும். எண்பத்திரண்டில…"

"தொடங்கிட்டார்," என்றார் அவர் மனைவி யோகராணி அன்ரி, குசினிக்குள் இருந்து.

"ஐம்பது ஓவர் மட்ச். கடைசி ஓவர். அவங்களுக்கு ரெண்டே ரெண்டு ஓட்டம் வேணும். கப்டன் பந்தை என்னட்டத்தான் தந்தவன். நாலு பந்து. ஒரு ஓட்டம் குடுக்கேல்லை! சனம் முழுக்க எழும்பி நிக்குது."

"அஞ்சாவது பந்து?"

"அது… விளிம்பில பட்டு நாலாப் போட்டுது."

"அதுக்கு முதல் ஓவரில எவ்வளவு போனது?"

யோசித்தார். "பதினெட்டு."

"அதை ஆர் போட்டது?"

"கனகு எண்டு ஒருத்தன். பாவம், அவனுக்கு எங்க போடுறதெண்டே தெரியாது."

"நீங்கள் அப்ப எங்க நிண்டனீங்கள்?"

"மிட் ஓனில."

குசினிக்குள் அன்ரி சிரித்தது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். கண்ணாடியைக் கழற்றினார். என் இரண்டு பக்கத்தையும் நாலாக மடித்துத் தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைத்தார். தட்டுக்குப் பதிலாக.

"உங்கட ஆக்களுக்கு எல்லாத்துக்கும் அவசரம்," என்றார்.

'உங்கட ஆக்கள்' என்றால் யார் என்று எனக்குத் தெரியும். அவர் தொண்ணூற்று மூன்றில் இஞ்சினியர் விசாவில் விமானத்தில் வந்தவர். நான் பத்து வயதில் அம்மாவோடு படகில் வந்தவள். பட்டம் வாங்குகிற வரைக்கும் தற்காலிக விசா. தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்தேன். யோகராணி அன்ரிக்கு மட்டும் போட்டு வாறன் என்று சொன்னேன்.

இறுதி ஆட்டம் ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு பின்னேரம்; இங்கே அது குளிர்காலம். காலையில் எல்லோரும் காரில் த பேசினில் இருக்கிற கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்திருந்தார்கள். எதிர் அணி மஞ்சள் சட்டை. ஒவ்வொருத்தியும் கதவு மாதிரி இருந்தாள். குளிர் விரல் நுனியைக் கடித்தது.

அருந்ததி தொடங்கினாள். ஐந்து இன்னிங்ஸ் நன்றாகவே போட்டாள். மூன்றுக்கு ஒன்று என்று நாங்கள் முன்னால் நின்றோம். ஆறாவதில் அவள் கை விழுந்தது. முதலாவது ஆளுக்கு நாலு பந்து வெளியே போக, விதிப்படி அவள் நடந்தே பேஸுக்குப் போனாள். இரண்டாமவள் அடித்துவிட்டுப் பேஸுக்கு ஓடினாள். அங்கிள் எழும்பினார். நான் வேலியோரம் தயாராக நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நிரூபாவைக் கூப்பிட்டார்.

நிரூபா அவருடைய தங்கச்சியின் மகள். சட்டம் படிக்கிறாள். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையாக இருப்பது பிட்சருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. முதல் ஆளை எப்படியோ வெளியேற்றினாள். அடுத்தவளுக்கு நாலு பந்தும் வெளியே. பேஸ் மூன்றும் நிறைந்தது. அதற்கடுத்தவளுக்கும் நாலும் வெளியே. ஆளை ஆள் தள்ளி ஒருத்தி உள்ளே வந்தாள். மூன்றுக்கு இரண்டு. ஒருத்திதான் வெளியே. பேஸ் இன்னமும் நிறைய. அடிக்க வருவது அவர்களின் நாலாவது ஆள். அந்த சீசனில் எங்களிடம் மட்டும் மூன்று தரம் வேலிக்கு வெளியே அடித்தவள்.

"அங்கிள்!" என்று கத்தினேன். "இப்ப! இப்பதான்!"

கையை உயர்த்தி 'பொறு' என்று காட்டிவிட்டு மேட்டுக்கு நடந்து போய் நிரூபாவோடு கதைத்தார். ஆறுதல் சொல்கிறார். எனக்குத் தெரியும் என்ன சொல்கிறார் என்று. இன்னும் ரெண்டு பேர்தான் பிள்ளை, ஏழாவதுக்கு வதனி இருக்கிறாள்.

நான் வேலிக் கதவைத் திறந்து உள்ளே நடந்தேன்.

ஓடவில்லை. நடந்தேன். இடது பக்கம் நின்றவள் வாயைப் பிளந்து பார்த்தாள். அவருக்கு நான் வருவது தெரிந்தபோது பாதித் தூரம் வந்துவிட்டேன்.

"ஆர் உம்மை வரச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"திரும்பிப் போம். உமக்கு ஏழாவது."

"ஏழாவது வராது அங்கிள். அவள் இப்ப அடிச்சா நாலு பேர் உள்ள வருவினம். பிறகு நான் வந்து என்னத்தைக் காப்பாத்த?"

கேட்சர் தாரகா முகமூடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் என் சிநேகிதி, களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். "சனம் பாக்குது. ரெண்டு பேரும் வீட்ட போய்ச் சண்டை பிடியுங்கோ," என்றாள்.

நடுவர் இரண்டு அடி முன்னால் வந்தார். தமிழ் தெரியாத மனுசன். "ஆல் குட், கோச்?"

"யெஸ், யெஸ், ஒன் மினிட்," என்று அவரிடம் பல்லைக் காட்டிவிட்டு, அதே சிரிப்போடு என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "உங்களுக்கு வரிசையில நிக்கிற பழக்கமே இல்லை என்ன? வந்த நாளில இருந்து."

தாரகாவின் முகம் இறுகியது. அவளும் படகுதான்.

"ஓம் அங்கிள்," என்றேன். "நிண்டிருந்தா செத்திருப்பம்."

நிரூபா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பந்தை என் கையுறைக்குள் வைத்தாள். "எடுங்கோ அக்கா. எனக்குப் பந்து நேராப் போகுதில்லை. மாமா, ஐ கான்ட் டூ திஸ்." சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டாள். அன்றைக்கு அந்த மைதானத்தில் அறிவோடு நடந்துகொண்ட ஒரே ஆள் அவள்.

பேஸ்போலில் ஒரு விதி இருக்கிறது. யாரும் அறிவிக்காவிட்டாலும், மேட்டில் இருக்கிற அந்த வெள்ளைப் பலகையில் போய் நின்றுவிட்டால் நீதான் பிட்சர். எதிரே நிற்கிற ஒருத்தியை முடிக்கும்வரை உன்னை எடுக்க முடியாது. நான் போய் நின்றேன். நடுவர் என்னைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார், தாளில் என் எண்ணை எழுதினார்.

நாலாவது ஆளுக்கு முதல் பந்து உடம்போடு ஒட்டி வேகமாகப் போட்டேன். பின்வாங்கினாள்; நல்ல பந்துதான் என்று நடுவர் கை தூக்கினார். இரண்டாவதும் அங்கேயே. அடித்தாள், கோட்டுக்கு வெளியே போனது; அதுவும் அவளுக்குத் தப்புத்தான். மூன்றாவதும் அங்கேதான் வரும் என்று காலைத் திறந்து நின்றாள். மெதுவாக விட்டேன். பந்து வந்து சேருமுன் அவள் சுற்றி முடித்துவிட்டாள்; மூன்று தப்பினால் ஆள் வெளியே. இரண்டு பேர் வெளியே.

இப்போது அவர் என்னை எடுக்கலாம். எழும்பிக் கோடு வரைக்கும் வந்தார். மட்டையோடு வருகிற ஐந்தாவது ஆளைப் பார்த்தார். ஓரத்து வாங்குப் பலகையில் இருந்த ரஞ்சினியைப் பார்த்தார். திரும்பிப் போய் உட்கார்ந்தார். அந்த அரை நிமிஷம் அந்த மனுசனுக்கும் எல்லாம் விளங்கியிருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஐந்தாமவள் நேராக என்னை நோக்கி அடித்தாள். பந்து என் முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டுத் தெறித்தது. கண் இருட்டியது. எடுத்து தாரகாவுக்கு எறிந்தேன். மூன்றாவது பேஸில் இருந்து வந்தவளுக்கு ஒரு அடி முன்னால் தாரகா பந்தோடு கடைசித் தட்டில் கால் வைத்திருந்தாள். மூன்று பேர் வெளியே. மூன்றுக்கு இரண்டு, அப்படியே.

தாரகா முதுகில் அடித்தாள். "எடியே விசரி," என்றாள். அவள் வாயில் அது பெரிய பாராட்டு.

எங்கள் பக்கம் ஆறாவதில் ஒன்றும் அடிக்கவில்லை. ஏழாவதுக்குக் கையுறையை எடுத்தபோது அங்கிள் முன்னால் வந்து நின்றார். கையை நீட்டினார்.

"பந்தைத் தாரும்."

"ஏன்?"

"ஏழாவது ஆரும் போடலாமெண்டு எழுதினனீர். ரெண்டாம் பக்கத்தில. ரஞ்சினி, போய்ப் போடும்."

ரஞ்சினி குடித்த தண்ணீர் அவள் சட்டையில் சிந்தியது. "மீ? அங்கிள், நான் இந்த சீசன்ல மூண்டு இன்னிங்ஸ்தான்…"

"அக்கா எழுதியிருக்கிறா. அக்காட்டக் கேளும்."

ஐந்துக்கு நாலு என்று எழுதியது நான்தான். அந்த ஐந்தாவது தரம் இன்றைக்காக இருந்தால் அணி இல்லை. அவருக்கு அது பரவாயில்லை. என்னைப் பிழையாக்க முடியுமென்றால் மைதானத்தையே கொடுத்துவிடத் தயாராக நின்றார். சத்தம் போட்டிருக்கலாம். ஆனால் நான் எழுதியதை நானே நம்பாவிட்டால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

பந்தை ரஞ்சினியின் கையில் வைத்தேன். "ஒரே ஒரு பந்துதானே தெரியும்? அதையே போடு. இப்ப வாறவை அவையளின்ர நோஞ்சான் ஆக்கள். வேகத்துக்கு ஆயத்தமா நிப்பினம். தாரகா கையை எங்க வைக்கிறாளோ, அங்க."

நான் வாங்கில் உட்கார்ந்து காலுக்கு ஐஸ் வைத்தேன். முதலாமவள் உயரே அடித்தாள், நடுவில் பிடித்தார்கள். இரண்டாமவளுக்கு நாலும் வெளியே. நடந்து போனாள். மூன்றாமவள் அடித்தது துவக்குச் சூடு மாதிரிப் போனது. ஆனால் நேராக இடது பக்கம் நின்றவளின் கைக்குள். நல்ல காலம், வேறொன்றுமில்லை. நாலாமவள் அந்த மெதுவான பந்துக்கு முந்திக்கொண்டு மட்டையைச் சுற்ற, பந்து அவள் தலைக்கு மேலே எழும்பிப் பின்னால் விழப் பார்த்தது. தாரகா முகமூடியை எறிந்துவிட்டு ஓடிப் பிடித்தாள்.

முடிந்தது. முதலாம் பிரிவு. ஐந்து வருஷம்.

எல்லோரும் ரஞ்சினிக்கு மேலே விழுந்தார்கள். அவள் அழுதாள். நான் நொண்டிக்கொண்டு போகும்போது அங்கிள் போனில் இருந்தார். தமிழ் வானொலிக்காரர்.

"ஓமோம், அதுதான் எங்கட தந்திரம். ஆறாவதிலதான் ஆட்டம் எண்டு எனக்குத் தெரியும். என்ர ஆகத் திறமான ஆளை அங்க இறக்கினன்…"

"பொய்," என்றேன். போனுக்குள் கேட்கிற சத்தத்தில்தான் சொன்னேன். "நான் கேக்காமல் வந்தனான். இவர் என்னைத் திரும்பிப் போகச் சொன்னவர்."

அவர் போனைக் கையால் பொத்தினார். காது மடல்கள் சிவந்திருந்தன. "வெண்டபிறகும் உமக்கு என்ன பிரச்சினை?"

"வெல்லுறதுக்கு முதல் உங்களுக்கு என்ன பிரச்சினை எண்டு சொல்லுங்கோ, பிறகு நான் சொல்லுறன்."

புதன்கிழமை கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. பயிற்சியாளரின் அனுமதியின்றி ஆடுகளத்தினுள் நுழைந்தமைக்கும், ஊடகத்தின் முன் தலைவரை அவமதித்தமைக்கும் எழுத்து மூலம் மன்னிப்புக் கோராவிட்டால் அடுத்த சீசனுக்குப் பதிவு இல்லையாம். அதற்குக் கீழே, இரண்டாவது பந்தியில், கழகத்துக்கு நான் ஆற்றிய சேவைக்கு நன்றியாம். ஒரே வரியில் பதில் போட்டேன்: கேட்க மாட்டேன். பதில் வரவில்லை.

சனிக்கிழமை ரஞ்சினி போன் எடுத்தாள். குரல் மேலும் கீழும் போனது.

"அக்கா, அடுத்த சீசன் லிஸ்ட் போட்டிருக்கினம், பாத்தனீங்களா?"

"எனக்கு அனுப்பமாட்டினம்."

"என்னைக் குளோசர் எண்டு போட்டிருக்கு. ஃபைனல்ல சேவ் எடுத்தது நான்தானாம், எனக்கு நெஞ்சு இருக்காம். அக்கா, எனக்கு ஒரு பந்துதான் போடத் தெரியும்! முதலாம் பிரிவில அவையள் என்னை அடிச்சு நொறுக்கிப்போடுவினம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு அந்த மனுசன் தாளில் பார்த்தது அந்த ஒரு சொல்லைத்தான். என் பெயருக்கு எதிரே ஆறாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் வெளியே என்று மட்டும் இருக்கும். சேவ் என்ற சொல் ரஞ்சினிக்கு எதிரே இருக்கிறது. அதனால் அவள் குளோசர்.

"பயப்பிடாத," என்றேன். "உனக்குத் தந்திருக்கிறது லேசான வேலை. மூண்டு ஓட்டம் முன்னால நிண்டா நீயே காணும், வேற ஆரும் தேவையில்லை."

"முன்னால நிக்காட்டி?"

"நிக்காட்டி உன்னைக் கூப்பிடமாட்டார். வேலியோரம் நிண்டு பாக்கலாம்."

முட்டாள் இல்லை அவள். "அப்ப ஆறாவதில பேஸ் நிறைஞ்சா ஆர் வாறது?"

"அதைப் போய் உங்கட அங்கிளிட்டக் கேள்," என்றேன். "கேட்டிட்டு, அவர் என்ன சொன்னவர் எண்டு எனக்குச் சொல்லாத."